பதினைந்து எண்ணி இறங்குகிறவர்கள்

ராஜபாளையம் மெயின் ரோட்டில் இருக்கும் சிக்னல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் போலீஸ் இல்லை. சிக்னல் பராமரிப்புக்கு ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஒரு சின்ன கம்பெனியின் ஆள். படித்தது டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் பட்டாளம், மீதிப் பேர் போலீஸ். விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் அவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. எனக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை இதுவரை ஒருவரும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் பந்தி. மச்சானின் உறவுக்காரர் ஒருவர் இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "தம்பி என்ன வேல பாக்கீய?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கறிச்சட்டியோடு வந்த அக்கா முந்திக்கொண்டாள்.

"அவன் ரோட்டுல பல்பு மாத்துதான் மாமா."

பந்தியே சிரித்தது. அவள் கேலிக்குத்தான் சொன்னாள். சிறு வயதிலிருந்து என்னை அப்படித்தான் சீண்டுவாள், என் தலையில் குட்டும் உரிமை தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு அவளுக்கு. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கின் மேல். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். மனைவியையும் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீடும் அதே ஊரில், நாலு தெரு தள்ளித்தான். அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை. பொங்கல் கழிந்தது. பிறகு அவளும் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

அக்கா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டுக்கு வெளியே. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் மில் வாசலிலேயே இறக்கிவிடும். திரும்பும்போது ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே ஜீப்ரா கோடு கிடையாது, வேகத்தடை கிடையாது. வாசலுக்கு வடக்கே ஒரு சிக்னல், தெற்கே ஒரு சிக்னல். வடக்குச் சிக்னல் பக்கத்தில்தான் இருந்தது என்றாலும் ரோட்டு வளைவில் மறைந்துவிடும். தெற்கே உள்ளது தூரத்தில், ஆனால் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே அறுநூறு மீட்டர்.

மார்ச் மாதத்தில்தான் சிக்னல்களை இணைக்கும் வேலை வந்தது. மெயின் ரோட்டில் மொத்தம் நான்கு சிக்னல்கள். ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் பச்சை வாங்கிக் கிளம்பிய லாரி அடுத்ததில் சிவப்பில் நிற்கும், அதைத் தாண்டினால் அதற்கடுத்ததில் நிற்கும். கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள், தென்காசி பஸ்கள், பஞ்சு மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றி வரும் வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஊரே ஹாரனில் கிடந்தது. டிராபிக் இன்ஸ்பெக்டர் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். வடக்கே முதல் சிக்னலில் பச்சையில் கிளம்பும் வண்டி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் நான்கிலும் நிற்காமல் ஊரைத் தாண்ட வேண்டும் என்றார். அதற்கு நான்கு சிக்னல்களிலும் ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையான சுற்றை ஒரே அளவாக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் பச்சையையும் முந்தையதிலிருந்து வண்டி வந்து சேரும் நேரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். அறுநூறு மீட்டருக்கு ஐம்பத்து நான்கு விநாடி. பெரிய கணக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் எட்டு வருடம் ஃபியூஸ் மாற்றிக்கொண்டும், எலி கடித்த வயரை ஒட்டுப் போட்டுக்கொண்டும் திரிந்தவனுக்கு அது முதல் முறையாக மூளையைக் கேட்ட வேலை. தலைகால் புரியவில்லை எனக்கு.

நேரம் குறிப்பதற்கு முன் வண்டிகளை எண்ண வேண்டும். மில்லுக்கு எதிரே உள்ள டீக்கடையில் இரண்டு நாள் அச்சடித்த படிவத்தோடு உட்கார்ந்தேன். லாரி, பஸ், கார், ஆட்டோ, டூவீலர், சைக்கிள், மாட்டுவண்டி என்று கட்டங்கள். நடந்து போகிறவர்களுக்குக் கட்டம் இல்லை.

முதல் நாள் இரண்டு மணிக்கு ஷிப்டு விட்டது. முப்பது நாற்பது பெண்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்க வெளியே வந்தார்கள். முன்னால் என் அக்கா. பக்கத்தில் மகாராஜபுரத்துக்காரி ஒருத்தி. இரண்டு பேருக்கும் மில்லில் அடுத்தடுத்த மெஷின். அக்கா அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள், என் மகள் பிறந்தபோது அந்தப் பெண்ணும் வந்து பார்த்திருக்கிறாள். எல்லோரும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். அவர்கள் வண்டிகளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் தெற்கே, தூரத்துச் சிக்னலில். அது சிவந்தது. அக்கா சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பதினைந்து வந்ததும், "எறங்குங்கட்டி!" என்றாள். நாற்பது பேரும் ஒரே கூட்டமாக இறங்கினார்கள். ரோடு காலியாக இருந்தது. எங்கிருந்தோ திரும்பி வந்த ஓர் ஆட்டோ மட்டும் அவர்களைப் பார்த்து நின்றுகொண்டது. மற்ற நேரத்தில் கால் வைக்க முடியாத அந்த ரோட்டை, சிரித்துப் பேசிக்கொண்டு நிதானமாகக் கடந்து போனார்கள்.

டீ ஆறும்வரை எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிலிர்த்துவிட்டது. அந்த இரண்டு சிக்னல் பெட்டிகளும் ஒரே தொகுதியில் வந்தவை. வந்தபோது இருந்த நேரத்தையே யாரும் மாற்றவில்லை. இரண்டுக்கும் ஒரே லைனில் கரண்டு. கரண்டு போய் வரும்போதெல்லாம் இரண்டும் ஒரே நொடியில் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே சிவக்கும். தெற்கே சிவப்பு என்றால், வளைவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வடக்கிலும் சிவப்பு. அங்கிருந்து ஏற்கெனவே கிளம்பி வந்த கடைசி வண்டி வாசலைத் தாண்ட ஒரு பதினைந்து விநாடி. தெற்கேயிருந்து வருவது தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அரை நிமிடம் ரோடு அவர்களுடையது. இதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. தினமும் நின்று நின்று அவர்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். எட்டு வருடம் அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிய எனக்கு அது தெரியாமல் இருந்தது.

இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். என் வேலை அந்த ஏற்பாட்டை உடைக்கும் என்று அந்த டீக்கடையிலேயே எனக்குத் தெரிந்தது. இணைத்த பிறகு இரண்டும் ஒன்றாகச் சிவக்காது. தெற்கே சிவப்பு விழும்போது வடக்கே பச்சை விழுந்திருக்கும். அவளிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. அக்கா எதிர்ப்பக்கம் ஏறியபோது டீக்கடையில் என்னைப் பார்த்தாள். செத்த நேரம் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை, படிவத்தில் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அவளாக வந்து பேசட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், புது நேரத்தை ஏற்ற இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்தேன். பல்பு மாத்துகிறவன் என்ன செய்கிறான் என்று ஊரே பார்க்கும்போது அவளும் பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். இரண்டாம் நாளும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

அந்தப் பத்து நாளில் சொல்ல வேண்டிய எல்லோருக்கும் சொன்னேன். லாரி டிரைவர்களுக்குச் சொன்னோம், ஆட்டோ ஸ்டாண்டுகளில் நோட்டீஸ் ஒட்டினோம், பஸ் டிரைவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். நாற்பதில் போங்கள், நிற்கவே வேண்டாம் என்று. எல்லாம் சக்கரத்தில் போகிறவர்களுக்கு. மில் வாசலில் ஒரு காகிதம் ஒட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குப் புது நேரத்தை ஏற்றினேன். இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பில் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு தடவை போய் வந்தார். நான்கிலும் பச்சை. இறங்கி என் முதுகில் தட்டினார்.

"சபாஷ்யா. ஊர்லேருந்து வெளியே வர இனிமே நாலே நிமிசம்."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? தெற்குச் சிக்னலின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓட, வண்டிகள் வரிசையாக வந்து சேரும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழும், முதல் லாரி பிரேக்கில் கால் வைக்காமல் கடக்கும், அதன் பின்னால் மொத்தக் கூட்டமும். ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே. இரண்டு மணி ஆனதைக் கவனித்தேனா? கவனிக்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் மில் என்ற ஒன்று அங்கே இருப்பதே எனக்கு நினைவில்லை. பத்து நாளாக மனதின் ஓரத்தில் கிடந்தது, வேண்டிய நேரத்தில் எழுந்து வரவில்லை.

இரண்டு மணி தாண்டி சில நிமிடங்கள் இருக்கும். ஒரு சுற்றில் பச்சை விழுந்தது. வண்டி வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. ரோடு வெறுமனே கிடந்தது, பச்சை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கணக்கு பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று பெட்டிக்குள் தலையைவிட்டு, பச்சையைத் தள்ளி வைக்கும் ஆஃப்செட்டை இரண்டு விநாடி கூட்டினேன். அடுத்த சுற்றிலும் வண்டி இல்லை. "எவன்டா அது நடுரோட்டுல வண்டியப் போட்டு மாரடிக்கான்" என்று வாய்விட்டுத் திட்டினேன். இன்னும் இரண்டு விநாடி கூட்டினேன்.

வடக்கேயிருந்து ஒருவன் பைக்கில் வேகமாக வந்தான்.

"சார், மில்லு வாசல்ல பொம்பள அடிபட்டுக் கிடக்கு!"

ஓடினேன். முழு ரோடும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு மினி லாரி குறுக்காக நின்றது. மகாராஜபுரத்துக்காரி அதற்கு முன்னால் கிடந்தாள். அவளுடைய டிபன் வாளி டீக்கடை வரைக்கும் உருண்டு போயிருந்தது. அக்காவுக்கு அடி இல்லை, முழங்கை மட்டும் உராய்ந்திருந்தது. அவள் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாகப் பேசாதவள் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஏலே, நான் எண்ணுனேம்லே. பதினஞ்சும் எண்ணுனேன். சரியாத்தான எண்ணுனேன்?"

ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பியது. கிருஷ்ணன்கோவில் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருந்திருக்கலாம். தெற்கே சிவப்பு விழுவதற்குச் சற்று முன்னால் வடக்கே பச்சை விழுகிறது. பச்சையில் கிளம்பும் முதல் வண்டி வளைவைத் தாண்டி மில் வாசலுக்கு வர எடுக்கும் நேரமும், அக்கா பதினைந்து எண்ணி முடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஐந்து விநாடி முன்னால் வந்திருந்தால் அவர்கள் வண்டியைப் பார்த்து நின்றிருப்பார்கள். ஐந்து விநாடி பின்னால் என்றால் பாதி ரோட்டைக் கடந்திருப்பார்கள். நான் போட்ட கணக்கு, அவள் எண்ணியதோடு அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

டிரைவர் மேல் கேஸ் போட்டார்கள். அவன் வேகமாகவும் வரவில்லை, பச்சையில்தான் வந்தான். நோட்டீஸில் நாங்கள் சொன்ன நாற்பதில் வந்தான். சிக்னலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மில் பெண்கள் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டார்கள், முன்னால் நின்றவள் இறங்கு என்று சொல்லியிருக்கிறாள், இதுதான் ஊர்ப்பேச்சு. அந்த முன்னால் நின்றவள் என் அக்கா.

ஒரு வாரத்தில் நான் பழைய நேரத்தையே திரும்ப ஏற்றிவிட்டேன். பெட்டிகளின் கடிகாரம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை, புதுப் பெட்டி வந்தால்தான் முடியும் என்று இன்ஸ்பெக்டரிடம் பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த சபாஷ் திரும்பப் போய்விட்டது. கம்பெனியிலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா வேலைக்குப் போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். மில்லிலிருந்து ஆள் அனுப்பினார்கள், கதவைத் திறக்கவில்லை. மச்சான் என்னிடம் வந்து சொன்னார்.

"ஒங்க அக்கா என்னமோ எண்ணிக்கிட்டே இருக்கா மாப்ள. பாத்திரம் தேய்க்கையில எண்ணுதா, துணி காயப்போடையில எண்ணுதா. பதினஞ்சு வந்ததும் நின்னுபோறா. பொறவு முதல்லேருந்து ஆரம்பிக்கா. பதிமூணுல எறங்கச் சொல்லிட்டேனோ, பதினாலுல சொல்லிட்டேனோன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் எண்ணியது சரி என்று உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் எதிரே உட்கார்ந்து மச்சானுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சொன்னால் என் அக்கா பிழைப்பாள். சொன்னால் நான் என்ன ஆவேன் என்று யோசித்து யோசித்து அந்த இரண்டு மாதத்தைக் கடத்தினேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனால் அருவருப்பு வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்காக அக்கா கோயிலுக்கு மட்டும் வந்தாள். கோயில் முடிந்ததும் வாசலில் நின்றுவிடுவாள். அது ஒரு சின்னத் தெரு, மினி பஸ் தவிரப் பெரிய வண்டி வராது. அதைக் கடக்க அவளால் முடியவில்லை. யாராவது கையைப் பிடித்தால்தான் கால் எடுத்து வைப்பாள். ஒரு ஞாயிறு நான் கையைப் பிடித்தேன். நடுத்தெருவில் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் ஏறியதும் காம்பவுண்டு நிழலில் அவளை உட்கார வைத்தேன்.

"அக்கா, நீ சரியாத்தான் எண்ணுன," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பு ஒன் எண்ணிக்கைல இல்ல. நான் அன்னைக்கு சிக்னல் நேரத்த மாத்திட்டேன். அதுவரைக்கும் ரெண்டு சிக்னலும் ஒண்ணா செவக்கும். அன்னைக்கு ஒண்ணா செவக்கல. இங்கிட்டு செவப்பு விழுந்தப்போ அங்கிட்டு பச்சை."

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. நான் மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். வளைவு, வாசல், இரண்டு சிக்னல். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பம் நான் பதினஞ்சும் எண்ணித்தான் எறங்கச் சொல்லிருக்கேன்."

"ஆமாக்கா."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணின் அடக்கத்தில்கூட அவள் அழவில்லை. கோயிலிலிருந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"நாங்க அந்த செவப்பப் பாத்துத்தான் எறங்குவோம்னு ஒனக்குத் தெரியாதுல்லா?"

அவள் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தவள்தான். ஆனால் வண்டி எண்ணுகிறவன் வண்டியைத்தான் பார்த்திருப்பான் என்று நினைத்துவிட்டாள். அல்லது அப்படி நினைக்க அவளுக்கு ஆசை.

"தெரியாதுக்கா," என்றேன்.

"தெரிஞ்சா சொல்லிருப்பேல்லா," என்றாள். என் தலையில் கையை வைத்தாள். "பாவம்லே நீ. இத்தன நாளு மனசுல வச்சுக்கிட்டு எம்புட்டுக் கஷ்டப்பட்டியோ."

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். எண்ணுவது நின்றுவிட்டது என்று மச்சான் போன் செய்து சந்தோஷப்பட்டார். மில் பெண்கள் இப்போது ரோட்டைக் கடப்பதற்கு முன்னால் வளைவு வரைக்கும் ஒருத்தியை அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறார்கள். அந்த ஏற்பாட்டையும் அக்காதான் செய்தாள்.

அவள் இன்னொன்றும் செய்தாள். அந்த வாரமே மகாராஜபுரத்துக்குப் போய், இறந்துபோனவளின் வீட்டுக்காரரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மை தெரிய வேண்டிய இடம் அது என்று அவள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு நாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு அவரைத் தெரியாது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை. யாரென்று அவரே சொன்னார். அடிக்க வந்திருக்கிறார், அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா வந்து சொன்னாவ தம்பி. தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன செய்வீய? பிள்ளைகள்ட்டயும் சொல்லிட்டேன், அந்தத் தம்பி மேல தப்பு இல்லன்னு. நீங்க அத நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்கிடாதீய."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். மனைவி காபி கொண்டுவந்தாள். தன் சின்ன மகள் பத்தாவது படிக்கிறாள், இப்போது அவள்தான் சமைக்கிறாள் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். போகும்போது பையை என் மனைவியிடம் கொடுத்தார். அவர் தோப்புத் தேங்காய், ஆறு இருந்தது.

மறுநாள் காலையில் அதில்தான் சட்னி அரைத்தாள். மூன்று இட்லி வைத்தாள். மூன்றையும் தின்றேன்.